கேட்டுச் சென்ற பதில்களுக்குப் பொறுப்புக் கூறுவது யார்?

வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலும் வசிப்போருக்கு, வினாக்கொத்துடன் வாசலில் வந்து நிற்கும் பல்கலைக்கழக மாணவர்கள் புதியவர்கள் அல்லர். குடும்பத்தில் எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டில் கொழும்புக்கு வந்தீர்கள், மாத வருமானம் எவ்வளவு, வீட்டில் எவருக்கேனும் நீரிழிவு உண்டா, வெளிநாட்டிலிருந்து பணம் வருகின்றதா என்றெல்லாம் அவர்கள் கேட்கின்றார்கள். படிக்கின்ற பிள்ளைகளுக்கு உதவவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எமது மக்களும் தேநீர் கொடுத்து, கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொல்லி அனுப்புகின்றார்கள். அந்தப் பதில்கள் அதன்பின் எங்கே போகின்றன என்று அவர்கள் கேட்பதில்லை. எவரும் அவர்களுக்குச் சொல்வதுமில்லை.

பெரும்பாலும் அவை ஒரு மாணவரின் மடிக்கணினிக்குள் போகின்றன. ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்டு, பட்டமும் கிடைத்த பின்னர் அந்த மடிக்கணினி பழுதடைகின்றது, அல்லது விற்கப்படுகின்றது. வினாக்கொத்துகள் வீட்டு மூலையில் கட்டாகக் கிடந்து கறையானுக்கு இரையாகின்றன. ஆய்வேட்டின் ஒரு பிரதி நூலகத்தில் இருக்கும். ஆனால், அந்த ஆய்வேடு எதன்மீது கட்டியெழுப்பப்பட்டதோ, அந்த அத்திவாரம் மறைந்துவிடும். பல்கலைக்கழக ஆய்வுத் தரவுகளைப் பேணுவதும் பகிர்வதும் கணினித் துறையினருக்கு மட்டுமே உரிய விடயமென இதுவரை கருதப்பட்டு வந்துள்ளது. அது பதில் சொன்ன மக்களின் உரிமையோடும் பாதுகாப்போடும் தொடர்புடைய விடயம் என்பதையே இங்கு எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

முதலில் தரவு என்றால் என்னவென்று பார்ப்போம். ஆய்வுக் கட்டுரை என்பது ஆய்வாளர் கண்ட முடிவு. அந்த முடிவுக்கு அவரை இட்டுச்சென்ற அளவீடுகள், நேர்காணல் ஒலிப்பதிவுகள், நிரப்பப்பட்ட வினாக்கொத்துகள், நீர் மாதிரிகளின் பரிசோதனை எண்கள், புகைப்படங்கள், கள நாட்குறிப்புகள் ஆகிய அனைத்தும் தரவுகளே. சமையல் முடிந்து பரிமாறப்பட்ட உணவு கட்டுரையென்றால், அரிசியும் காய்கறியும் வாங்கிய கணக்கு தரவு எனலாம். உணவில் குறையிருப்பதாக ஐயம் எழும்போது கணக்கைப் பார்க்காமல் உண்மையை அறியமுடியாது.

தரவு எவ்வளவு விரைவாக அழிகின்றது என்பதற்கு ஒரு சான்றைக் கூறலாம். தாவரங்களினதும் விலங்குகளினதும் உடலமைப்பு அளவீடுகளை உள்ளடக்கிய 516 ஆய்வுக் கட்டுரைகளைத் தெரிவுசெய்து, அவற்றை எழுதியவர்களிடம் மூலத் தரவுகளைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கேட்டார்கள். 2014 இல் வெளியான அந்த ஆய்வின்படி, கட்டுரையின் வயது ஓராண்டு கூடும்போதெல்லாம் தரவு கிடைப்பதற்கான சாத்திய விகிதம் 17 வீதத்தால் குறைந்து சென்றது. போரோ, தீயோ, வெள்ளமோ இல்லாத சூழலில், வசதிமிக்க ஆய்வுகூடங்களில் பணியாற்றியவர்களின் நிலையே அது.

எமது நிலைமை அதனிலும் மோசமானது. 1981 மே 31 ஆம் திகதி இரவு தீயிடப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பராயின. ஒரே இடத்தில், ஒரே பிரதியாக வைத்திருக்கும் அறிவு ஓர் இரவில் இல்லாமற்போகும் என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்தப் படிப்பினையைக் கணினிக் காலத்தில் நாம் மறந்துவிட்டோம். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து நெகிழ்தட்டிலோ இறுவட்டிலோ சேமித்த நேர்காணல்களை இன்று திறந்து பார்ப்பவருக்குப் புரியாத ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தென்படும். அதை யுனிகோட் முறைக்கு மாற்றிக் காப்பாற்றலாம். ஆனால், இறுவட்டு பழுதாவதற்கு முன்னர் எவராவது அதைச் செய்தாக வேண்டும். அந்த 'எவராவது' யாரென்பது இன்றுவரை தீர்மானிக்கப்படவில்லை.

எண்ணப்படாதவர்களாக இருப்பதன் துன்பத்தையும் எமது மக்கள் நன்கறிவர். 1981 இற்குப் பின்னர் இந்நாட்டில் முழுமையான குடிசன மதிப்பீடு 2012 இலேயே இடம்பெற்றது. 2001 ஆம் ஆண்டு மதிப்பீடு 18 மாவட்டங்களில் மட்டுமே பூரணமாக மேற்கொள்ளப்பட்டது. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகிய ஏழு மாவட்டங்களில் அது முழுமைபெறவில்லை. அரசாங்கப் புள்ளிவிபரங்கள் மௌனம் சாதித்த அந்த மூன்று தசாப்தங்களில், ஆங்காங்கே பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் திரட்டிய சிறு ஆய்வுகளே பல கிராமங்களுக்கு இருக்கக்கூடிய ஒரே பதிவு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம்களிடம் பெற்ற வாக்குமூலங்களும், வன்னியில் இடம்பெயர்ந்தோரிடம் கேட்டெழுதிய குறிப்புகளும் அவ்வகையானவையே. அவற்றைச் சொன்னவர்களில் பலர் இன்று உயிருடன் இல்லை. மீண்டும் சென்று கேட்பதற்கு வழியில்லை.

தரவு பகிரப்படாமையினால் சாதாரண மக்கள் எவ்வாறு பாதிக்கப்படுகின்றார்கள் என்பதற்கு இரண்டு நிகழ்வுகளை நினைவூட்டலாம்.

முதலாவது, சுன்னாகத்துக் கிணறுகள். அங்கிருந்த மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்துள்ளதென்ற முறைப்பாடு 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரும் பிரச்சினையாக வெடித்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் பல கிணறுகளில் எண்ணெய் இருப்பதைக் காட்டின. வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ ஆபத்தான மாசு இல்லை என்று கூறியது. தண்ணீரைக் குடிப்பதா, விடுவதா என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள். இறுதியில் விவகாரம் உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. 2019 ஏப்ரலில் வழங்கப்பட்ட தீர்ப்பில், பாதிக்கப்பட்டோருக்கென 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது. எந்தக் கிணற்றில், எந்தத் திகதியில், எத்தனை அடி ஆழத்தில், எந்த முறையில் மாதிரி பெறப்பட்டது என்ற விபரங்களும் பரிசோதனை எண்களும் பொதுவான ஓரிடத்தில் ஆரம்பத்திலேயே வைக்கப்பட்டிருந்தால், இரு தரப்பு முடிவுகளும் ஏன் வேறுபட்டன என்பதை எந்தவொரு விஞ்ஞானப் பட்டதாரியும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க முடியும். நீதிமன்றத்தின் வாசலில் நான்காண்டுகள் காத்திருக்கவேண்டிய தேவை மக்களுக்கு ஏற்பட்டிருக்காது.

இரண்டாவது, கொவிட் காலத்துக் கட்டாயத் தகனம். அத்தொற்றினால் இறந்தோரை நல்லடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டியிருந்தபோதும், 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மூலம் வைரஸ் பரவும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அதை நிறுவும் தரவு எதுவும் பொதுமக்கள் முன் வைக்கப்படவில்லை. பிறந்து 20 நாட்களேயான சிசுவின் ஜனாஸாவும் அவ்வாண்டு டிசம்பரில் எரியூட்டப்பட்டது. அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று இலங்கை மருத்துவ சங்கம் 2021 ஜனவரியில் கூறியது. பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி திருத்தப்பட்டு, மார்ச் மாதத்தில் ஓட்டமாவடியில் நல்லடக்கங்கள் ஆரம்பமாகின. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நீர் தொடர்பான ஆய்வு முடிவுகள் அப்போது ஆதாரமாகக் காட்டப்பட்டன. இழந்தவர்களுக்கு அந்த மன்னிப்பு எதனை மீட்டுக்கொடுத்தது? "உங்கள் தரவைக் காட்டுங்கள்" என்று கேட்கும் மரபும், கேட்டால் காட்டவேண்டிய கடப்பாடும் எமது உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசாங்கத் திணைக்களங்களிலும் வேரூன்றியிருந்தால், ஆதாரமற்ற ஒரு கூற்று ஏறத்தாழ பதினொரு மாதங்கள் சட்டமாக நின்றிருக்காது என்பதே எமது கருத்து.

அப்படியாயின் எல்லாத் தரவுகளையும் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டுமா? இல்லை. இங்குதான் தமிழ், முஸ்லிம் வாசகர்கள் மிகுந்த அவதானத்துடன் சிந்திக்கவேண்டியுள்ளது.

1983 ஜூலையில் கொழும்பில் வீடுவீடாகத் தேடிச் சென்ற கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன என்பது வரலாற்றில் பதிவாகியுள்ளது. வாக்களிக்கும் உரிமைக்காகக் கொடுத்த பெயரும் முகவரியும், எரிக்கப்படவேண்டிய வீட்டை அடையாளம் காட்டுவதற்குப் பயன்பட்டன. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தலைநகரிலிருந்து அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2008 செப்டம்பரில் வடக்கிலிருந்து வந்து மேல் மாகாணத்தில் தங்கியிருந்தோர் பொலிஸாரிடம் பதிவுசெய்யுமாறு பணிக்கப்பட்டார்கள். இத்தகைய அனுபவங்களின் பின்னர், "எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் வந்தீர்கள்?" என்ற கேள்வியைக் கேட்கும்போது ஒரு தாயின் முகம் மாறுமாயின் அதில் வியப்பில்லை. கேட்பவர் மாணவராக இருந்தாலும் அந்தக் கேள்வியின் பழைய நிழல் அவரோடு கூடவே வருகின்றது.

ஆகவே எமக்கு முன்னால் இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒன்று, தரவு தொலைந்துபோவது. மற்றையது, தரவு தகாதவர் கையில் அகப்படுவது. இவ்விரண்டையும் ஒருசேரத் தடுப்பதற்கெனவே வளர்ச்சியடைந்த நாடுகளின் பல்கலைக்கழகங்கள் ஆய்வுத் தரவு முகாமைத்துவச் சேவைகளை அமைத்துள்ளன. இயன்றளவு திறந்தும், தேவையான அளவு மூடியும் வைத்திருத்தல் என்பதே அவற்றின் அடிப்படைக் கொள்கை.

பிரித்தானியாவின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சமூக ஆய்வுத் தரவுகளுக்கான காப்பகம் 1967 இலேயே தொடங்கப்பட்டது. தரவுகள் தேடிக் கண்டுபிடிக்கக்கூடியனவாகவும், அணுகக்கூடியனவாகவும், பிற தரவுகளுடன் இணைத்துப் பார்க்கக்கூடியனவாகவும், மீளப் பயன்படுத்தக்கூடியனவாகவும் இருக்கவேண்டும் என்ற நான்கு கோட்பாடுகள் 2016 இல் வெளியிடப்பட்டு உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளன. திறந்த விஞ்ஞானம் பற்றிய பரிந்துரையை யுனெஸ்கோ 2021 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களிடம் ஆய்வு நிதி கோருவோர் தரவு முகாமைத்துவத் திட்டமொன்றைச் சமர்ப்பிக்கவேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு நிதியுடன் ஆய்வு செய்ய விரும்பும் எமது விரிவுரையாளர்களும் இனி இத்தகைய நிபந்தனைகளை எதிர்கொள்ளவேண்டியிருக்கும்.

இத்தகைய சேவை செய்வது என்ன? ஆய்வு தொடங்குவதற்கு முன்பே, எதைச் சேகரிப்பது, எங்கே வைப்பது, யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர் அழிப்பது என்பவற்றை ஆய்வாளர் எழுத்தில் வகுப்பதற்கு நூலகத்திலுள்ள தரவு அலுவலர் உதவுவார். ஆய்வு நடைபெறும்போது தரவு மாணவரின் மடிக்கணினியில் மட்டும் தங்காது. மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது பொதுவான விதி. ஆய்வு முடிந்ததும் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் முதலியவை நீக்கப்படும். பெயரை நீக்குவது மட்டும் போதாது. ஒரு சிறிய ஒழுங்கையில் குறித்த வயதுடைய ஒரேயொரு மருத்துவர் வசிப்பாராயின், பெயரில்லாமலே அவரை இனங்காண முடியும். அத்தகைய விபரங்களையும் பொதுமைப்படுத்தவேண்டும். பின்னர், யார், எப்போது, எங்கே, எவ்வாறு சேகரித்தார் என்ற விபரக்குறிப்புடன் நிரந்தர அடையாள இலக்கமொன்று வழங்கப்பட்டுத் தரவு காப்பகத்தில் சேர்க்கப்படும். கிணற்று நீரின் அளவீடுகள் போன்றவை எல்லோருக்கும் திறந்திருக்கும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் அளித்த நேர்காணல்கள் போன்றவை பூட்டப்பட்டிருக்கும். விண்ணப்பித்து, ஒழுக்கவியல் குழுவின் அனுமதி பெற்றவர் மட்டுமே அவற்றைப் பார்க்கலாம். அத்தகைய தரவு இருக்கின்றது என்ற விபரக்குறிப்பு மட்டும் வெளியில் தெரியும்.

முறையாகப் பேணப்பட்ட தரவு எத்தகைய பலனைத் தரும் என்பதற்குக் கொழும்பிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1997 இல் தொடங்கப்பட்ட இலங்கை இரட்டையர் பதிவேட்டின் துணைகொண்டு, கொழும்பு மாவட்டத்தில் சுமார் 4,000 இரட்டையர்களையும் 2,000 ஏனையோரையும் உள்ளடக்கிய உளநல ஆய்வொன்று 2005 முதல் 2007 வரை நடத்தப்பட்டது. உள்நாட்டு ஆய்வாளர்களும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் அதில் இணைந்திருந்தனர். முதற்சுற்றுத் தரவு பத்திரமாக இருந்தமையினாலேயே, 2012 இற்குப் பின்னர் அதே மனிதர்களை மீண்டும் சந்தித்து, நீரிழிவு, இருதய நோய் போன்றவற்றுடன் உளநலத்துக்குள்ள தொடர்பை ஆராய முடிந்தது. ஒரு தடவை பெற்ற பதில் இரண்டாந் தடவையும் பயன் தந்தது.

எமது பல்கலைக்கழகங்களில் ஒன்றுமே இல்லை என்று நாம் கூறவரவில்லை. கொழும்பு, பேராதனை, மொறட்டுவை, யாழ்ப்பாணம், தென்கிழக்கு முதலிய பல்கலைக்கழகங்களின் நூலகங்கள் எண்ணிமக் களஞ்சியங்களை நடத்துகின்றன. உள்நாட்டு ஆய்விதழ்களை இணையத்தில் திறந்து வைக்கும் பணியைத் தேசிய விஞ்ஞான மன்றம் செய்து வருகின்றது. ஆனால், இவற்றில் இடம்பெறுவன பெரும்பாலும் கட்டுரைகளும் ஆய்வேடுகளுமே. தரவுக்கென்று தனியான அலுவலர், தனியான விதி, தனியான நிதி என்பன இன்னும் வழமையாகவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, 2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளம், தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் பத்திரிகைகளையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் பேணி வருகின்றது. அரச உதவியில்லாமல் ஒரு சமூகம் தன் நினைவைத் தானே காக்கமுடியும் என்பதற்கு அது சாட்சி. அதேவேளை, பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டிய கடமையைத் தன்னார்வலர்களின் தலையில் என்றென்றும் சுமத்திவிட முடியாது.

சட்டமும் மாறி வருகின்றது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் உயர்கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இனம், மதம், சுகாதாரம் தொடர்பான தரவுகளை விசேட பாதுகாப்புக்குரியனவாகக் கொள்கின்றது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டமை கவலைக்குரியது. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை காத்திராமல், பல்கலைக்கழகங்கள் தமது வீட்டைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்வதே விவேகமாகும்.

இதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்று கைவிரிப்பதும் பொருந்தாது. களஞ்சியத்துக்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு நிலையம் 2013 முதல் நடத்தும் செனோடோ என்ற காப்பகத்தில் உலகின் எந்த ஆய்வாளரும் கட்டணமின்றித் தரவைச் சேர்க்கலாம். வேண்டியது பயிற்றப்பட்ட ஆட்களும் தீர்மானமுமே. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பட்டப்பின்படிப்பு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் ஒவ்வொருவரும் தரவையும் ஒப்படைக்கவேண்டும் என்று விதிக்கலாம். ஒவ்வொரு நூலகத்திலும் ஒருவரையேனும் இப்பணிக்கென நியமிக்கலாம். கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்கள் ஒன்றின் பிரதியை மற்றொன்று வைத்திருக்கும் உடன்பாட்டுக்கு வரலாம். ஓரிடத்தில் தீயோ வெள்ளமோ வந்தாலும் மற்றோரிடத்தில் அது உயிருடன் இருக்கும். ஒப்புதல் படிவங்களும் விபரக்குறிப்புகளும் மும்மொழிகளிலும் இருக்கவேண்டும் என்பது இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. தமிழில் பேசிய ஒருவர், தாம் எதற்குச் சம்மதித்தார் என்பதைத் தமிழில் வாசித்தறிய முடியாத படிவத்தில் இட்ட கையொப்பம் சம்மதமாகாது.

வாசகர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. அடுத்த தடவை வினாக்கொத்துடன் ஒரு மாணவர் வரும்போது கதவைச் சாத்திவிட வேண்டாம். அவரை உட்காரவைத்து நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் பதில்களை எங்கே வைத்திருப்பீர்கள்? பெயரையும் முகவரியையும் எப்போது நீக்குவீர்கள்? வேறு யார் அதைப் பார்க்கமுடியும்? ஆய்வின் முடிவை எமக்கு எவ்வாறு அறியத் தருவீர்கள்? இவற்றுக்கு மாணவரால் பதில் கூற முடியாவிட்டால் அது அவருடைய குற்றமல்ல. அவருக்கு அதைக் கற்பிக்கவேண்டிய நிறுவனத்தின் குறை. அவர் திரும்பிச் சென்று தமது மேற்பார்வையாளரிடம் அதே நான்கு கேள்விகளைக் கேட்பாராயின் அதுவே நல்ல தொடக்கமாக அமையும்.

தாம் கொடுத்த பதிலைப் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கை மக்களுக்கு இருந்தால்தான் அவர்கள் உண்மையைச் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால்தான் ஆய்வுக்குப் பெறுமதி உண்டு. பட்டியல்களினால் துன்பப்பட்ட, பதிவுகள் இல்லாமையினாலும் துன்பப்பட்ட சமூகங்களிடம் அந்த நம்பிக்கையைப் பெறவேண்டுமாயின், பல்கலைக்கழகங்கள் தாமே முன்வந்து பொறுப்பேற்க வேண்டும். அதனை இனியும் தாமதிக்கலாகாது என்பதே எமது வேண்டுகோளாகும்.